தொலைந்த வெட்ஜ் இப்போது யார் பையில்? கோல்ஃப் மைதானத்தில் தவறவிட்டதை மீட்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

ஏழாவது ஹோல். பந்து, குழி இருக்கும் புல்தளமான க்ரீனுக்கு நாற்பது மீட்டர் முன்னால் கிடக்கிறது. குறுகிய தூரத்துக்கு உயர்த்தி அடிக்கும் மட்டையான 56 டிகிரி வெட்ஜுக்காகப் பைக்குள் கை போகிறது. அது அங்கே இல்லை. ஐந்தாவது க்ரீன் ஓரத்தில் சிப் (க்ரீனுக்குள் பந்தைத் தூக்கிப்போடும் சிறு அடி) அடித்ததுதான் கடைசி ஞாபகம். இப்போது திரும்பி நடப்பதா, பின்னால் வருகிறவர்களுக்காக நிற்பதா, மைதானத்தின் கடையும் வரவேற்பு மேசையுமான புரோ ஷாப்புக்குப் போன் போடுவதா, ஆட்டத்தை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்வதா?

முடிவெடுக்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோல்ஃப் மைதானம் ஒருவழிப் பாதை. பஸ்ஸில் விட்ட குடை எந்தத் திசையில் போனது என்று யாருக்கும் தெரியாது. இங்கே அந்தக் குழப்பம் இல்லை. டீ நேரங்கள், அதாவது ஒவ்வொரு குழுவும் ஆட்டம் தொடங்கும் நேரங்கள், பெரும்பாலும் 8 முதல் 12 நிமிட இடைவெளியில் கொடுக்கப்படுகின்றன. நீங்கள் விட்டுவந்த பொருளைக் கால் மணி நேரத்துக்குள் பின்னால் வரும் நால்வர் குழு பார்த்துவிடும். ஆகவே லேபிள், டிராக்கர், போன், பதிவேடு என்று எதை எடுத்துக்கொண்டாலும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடலாம்: அந்த நான்கு பேர் கையிலிருந்து பொருள் உங்கள் கைக்கு வர இது உதவுகிறதா?

எது, எங்கே, ஏன் தவறுகிறது

டிரைவரை, அதாவது ஹோலின் தொடக்க இடமான டீயிலிருந்து நெடுந்தூரம் அடிக்கும் மட்டையை, யாரும் மறப்பதில்லை. அடித்த கையோடு அது பைக்குள் போய்விடும். வெட்ஜ் அப்படியில்லை. க்ரீனை நெருங்கும்போது வெட்ஜையும் பட்டரையும் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) சேர்த்து எடுத்துக்கொண்டு நடக்கிறோம். சிப் அடித்ததும் வெட்ஜைப் புல்லில் போடுகிறோம். பந்தைக் குழிக்குள் உருட்டி முடித்து, ஸ்கோரைப் பேசிக்கொண்டே எதிர்ப்பக்கமாக வெளியேறுகிறோம். பையோ கார்ட்டோ (ஆட்டக்காரர்கள் ஓட்டிப்போகும் சிறு வண்டி) அந்தப் பக்கம் நிற்கிறது, வெட்ஜ் இந்தப் பக்கம் கிடக்கிறது.

இதில் 2019 விதித் திருத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கொடிக்கம்பைக் குழியிலேயே விட்டு பட் செய்யலாம், பந்து அதில் பட்டால் அபராதம் இல்லை என்று அப்போது வந்தது. அதற்கு முன்பு, கழற்றிப் படுக்கவைத்த கொடிக்கம்பின் மேல் வெட்ஜைச் சாத்திவைக்கும் பழக்கம் பலரிடம் இருந்தது. கொடியைத் திரும்ப நடப் போனவர் வெட்ஜையும் பார்ப்பார். இன்று பல குழுக்கள் கொடியைத் தொடுவதே இல்லை. அந்த இலவச நினைவூட்டலும் போயிற்று. அதன் இடத்தில் செய்யக்கூடியது இது: குழிக்கும் நீங்கள் வெளியேறப்போகும் பக்கத்துக்கும் நடுவே, காலில் தட்டுகிற இடத்தில், க்ரீனுக்கு வெளியே ஒரு வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் வெட்ஜை வையுங்கள், பட்டரின் தலையுறையையும் அங்கேயே போடுங்கள். பட்டரை உறைக்குள் போடாமல் யாரும் அடுத்த டீக்குப் போவதில்லை. உறையை எடுக்கக் குனிந்தால் வெட்ஜும் கண்ணில் படும்.

தூரம் அளக்கும் கருவியான ரேஞ்ச்ஃபைண்டர் தொலைவது வேறு மாதிரி. காந்தம் வைத்த மாடல்களைக் கார்ட்டின் கம்பத்தில் ஒட்டிவிட்டு ஓட்டுகிறார்கள். எஃகுக் கம்பமென்றால் பிடிக்கும், அலுமினியத்தில் பிடிக்கவே பிடிக்காது. எஃகிலும் தூசியோ ஈரமோ இருந்து, சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் பிடி நழுவும். விழுவது பாதையோரப் புல்லில் என்பதால் சத்தமும் கேட்காது. தலையுறைகளும் அதே பாதையோரங்களில்தான் கிடக்கும்.

மோதிரம், கைக்கடிகாரம், போன், கார் சாவி ஆகியவை மைதானத்தில் விழுவதைவிடக் கார்ட்டிலேயே தங்குவது அதிகம். கையுறை போடுவதற்காகக் கழற்றி முன்தட்டில் வைத்தது, ஆட்டம் முடிந்து கார்ட்டோடு சேர்ந்து கழுவும் இடத்துக்குப் போய்விடும். மேலே சொன்ன ‘பின்னால் வரும் குழு’ கணக்குக்கு விலக்கு இந்த வகை மட்டுமே. இதற்குத் தேவை கார்ட்டின் எண். ஏறும்போதே அதைப் போனில் படம் எடுத்து வைப்பது சில விநாடி வேலை. போனையே விட்டுவிட்டால் படமும் அதோடு போகுமே என்பவர்கள் ஸ்கோர்கார்டின் மூலையில் எண்ணை எழுதிவைக்கட்டும்.

திரும்பிப் போவதா, முன்னால் போவதா

பதறிப்போய் முதலில் செய்யத் தோன்றுவது திரும்பி ஓடுவது. பெரும்பாலும் அதுதான் மோசமான தேர்வு. ஐந்தாவது க்ரீனில் விட்டதை ஏழாவது ஃபேர்வேயில் (டீக்கும் க்ரீனுக்கும் நடுவிலுள்ள வெட்டிய புல்வெளி) உணர்கிறீர்கள் என்றால், நடுவில் ஏறக்குறைய இரண்டு ஹோல்கள், எழுநூறு மீட்டர் இருக்கலாம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடையில் போக மட்டும் எட்டு, ஒன்பது நிமிடம். நீங்கள் ஏழில் நிற்கும்போது பின்னால் வருகிறவர்கள் ஆறில் இருப்பார்கள். அதாவது, ஐந்தாவது க்ரீனை அவர்கள் கடந்தாயிற்று. வெட்ஜ் அவர்கள் பையில் ஏறி உங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் ஓடுவது காலி இடத்தைப் பார்க்க. அதுவும் எதிர்த்திசையில், பந்துகள் பறந்துவரும் ஃபேர்வே வழியாக.

போட்டி ஆட்டமென்றால் விதியும் குறுக்கே நிற்கும். நியாயமற்ற தாமதத்துக்கு விதி 5.6-இன் விளக்கத்தில் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று, தவறவிட்ட மட்டையை எடுக்க க்ரீனிலிருந்து டீக்குத் திரும்பிப் போவது. முதல் முறை ஒரு ஸ்ட்ரோக் (ஓர் அடி) அபராதம், இரண்டாம் முறை, மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு, மூன்றாம் முறை தகுதி நீக்கம்.

திரும்பிப் போவது சரியாக வரும் நிலைமை ஒன்றே ஒன்று. அடுத்த டீயில் நிற்கும்போதே உணர்ந்துவிட்டீர்கள், விட்டுவந்த க்ரீன் பக்கத்திலேயே தெரிகிறது, பின்னால் வருகிறவர்கள் இன்னும் க்ரீனை நோக்கிய அப்ரோச் அடிக்கவில்லை. கையை உயர்த்திக் காட்டுங்கள், அவர்கள் பார்த்ததை உறுதி செய்துகொள்ளுங்கள், பிறகு போய் எடுங்கள். உங்கள் குழுவில் மற்றவர்கள் அதற்குள் டீ ஷாட் அடித்துவிடட்டும்.

அடுத்த வழி, காத்திருந்து கேட்பது. அதற்காக ஃபேர்வேயில் நின்று மொத்த மைதானத்தையும் நிறுத்த வேண்டாம். மூன்றே அடியில் முடிக்க வேண்டிய குறுகிய ஹோல்களான பார் 3 டீக்களில் கூட்டம் சேரும்; பின்னால் வருகிறவர்கள் அங்கே தானாக உங்களை எட்டிப்பிடிப்பார்கள். அதுதான் கேட்கும் இடம். “வெட்ஜ் ஏதாவது பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டால், கவனிக்காதவர் இல்லையென்று சொல்லிவிடுவார். “ஐந்தாவது க்ரீன், வலது மணல் பங்கருக்குப் பின்னால், கறுப்புக் கிரிப்” என்று சொன்னால் பையைத் திறந்து பார்ப்பார். எடுத்தவர் கேட்கப்படுபவராக இருக்க வேண்டியதில்லை. அவர் பை சுமக்கும் உதவியாளரான கேடியாகவும் இருக்கலாம். கேடியிடம் நேராகக் கேளுங்கள். க்ரீனைச் சுற்றிக் கிடப்பவை எல்லாம் அவர் கண்ணில் முதலில் படும்.

புரோ ஷாப்புக்குப் போன் செய்வது மூன்றாவது வழி. எண் பெரும்பாலும் ஸ்கோர்கார்டிலேயே இருக்கும். இதன் பலம், மைதானத்தில் ஆட்டத்தைக் கண்காணிக்கும் மார்ஷலுக்கும் புல்வெட்டும் ஊழியர்களுக்கும் செய்தி போய்ச் சேருவது. பலவீனம், பின்னால் வரும் குழு ஆட்டத்தை முடிக்கும்வரை ஷாப்பில் எதுவும் வந்திருக்காது என்பது. அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்து “வந்ததா?” என்பவர்களால் யாருக்கும் லாபமில்லை. ஒரே அழைப்பில் ஹோல் எண், க்ரீனின் எந்தப் பக்கம், ஏறக்குறைய எத்தனை மணி, மட்டையின் பிராண்டு, டிகிரி, உங்கள் டீ நேரம், போன் எண் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். டீ நேரம் ஏன் என்றால், அதைவைத்துத்தான் உங்களுக்கு அடுத்து ஆடியவர்கள் யார் என்று பதிவில் பார்க்க முடியும்.

கடைசி வழி, முடித்துவிட்டுப் பார்ப்பது. கேட்க அலட்சியம்போலத் தோன்றினாலும், இரண்டு ஹோல் தாண்டிவிட்ட பிறகு இதுவே நல்ல வழி. ஆனால் ஒரு நிபந்தனை: முடித்தவுடன் குளிக்கப் போகக் கூடாது. எடுத்த பொருளைத் திருடும் எண்ணம் பெரும்பாலும் யாருக்கும் இருப்பதில்லை. அவர் அதைத் தன் வெட்ஜுகளோடு சொருகுகிறார், பதின்மூன்று ஹோல் ஆடுகிறார், மறந்துபோகிறார், பையோடு சேர்த்துக் காரின் டிக்கியில் ஏற்றுகிறார். அதற்குப் பிறகு அது கிணற்றில் போட்ட கல்தான். ஆகவே பதினெட்டாவது க்ரீனுக்கும் பை வைக்கும் இடத்துக்கும் நடுவில் இருபது, முப்பது நிமிடம் நில்லுங்கள். பின்னால் வரும் குழுவும், அதற்கடுத்ததும் அந்த நேரத்தில் வந்து சேரும்.

இந்தக் கணக்கு ஆட்டம் தொடங்கும் முறைக்கேற்ப மாறும். 1, 10 என இரண்டு டீக்களிலும் தொடங்கும் நாளில், பத்தில் தொடங்கியவர்களுக்குக் கடைசி க்ரீன் ஒன்பதாவது. அவர்கள் பதினெட்டில் நின்று பயனில்லை. எல்லாக் குழுக்களும் வெவ்வேறு ஹோல்களில் ஒரே நேரத்தில் தொடங்கும் ஷாட்கன் முறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் முடித்து ஸ்கோர்கார்டு கொடுக்க ஒரே மேசைக்கு வருவதால், அங்கே ஒரு அறிவிப்பு போதும். கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான நாள் கிடையாது. ஒன்பது ஹோலோடு கிளம்புகிறவர்கள் பின்னால் இருந்தால்தான் சிக்கல். அப்போது ஷாப்புக்குப் போன் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

இதற்கிடையே ஆட்டம் தொடர வேண்டும். 14 மட்டைகளோடு தொடங்கியவர் ஒன்றைத் தொலைத்தால், அந்தச் சுற்றில் அதற்குப் பதில் வேறொன்று சேர்க்க முடியாது. 14-க்குக் குறைவாகத் தொடங்கியிருந்தால் 14 வரை சேர்த்துக்கொள்ளலாம். தாமதமின்றி, அதுவும் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் வேறு யாருடைய மட்டையையும் கடன் வாங்காமல். நண்பரின் வெட்ஜை ஒரு தடவை வாங்கி அடித்தால் மீறல் நடந்த ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு ஸ்ட்ரோக், அதிகபட்சம் நான்கு. தொலைந்தது திரும்பக் கிடைத்தால் தாராளமாக ஆடலாம்.

எதை எழுதி ஒட்டுவது

மட்டையின் தண்டான ஷாஃப்ட்டில் ஒட்டும் லேபிள், மட்டையின் பின்புறத்தில் அடிக்கும் எழுத்து, க்யூ.ஆர். ஸ்டிக்கர், புளூடூத் டிராக்கர், ஷாட் கணக்கிடும் சென்சார் ஆகியவை இப்போது கிடைக்கும் வழிகள். இவற்றில் மட்டைக்கு எளிமையான லேபிள்தான் ஜெயிக்கும் என்பது எங்கள் கருத்து. கையில் எடுத்தவர் அடுத்த நொடியே அழைக்க முடிவது இதில்தான்.

பெயர், போன் எண் இரண்டும் போதும். வெளியூரில் ஆடுகிறவர்கள் நாட்டுக் குறியீட்டையும் சேர்க்க வேண்டும். வீட்டு முகவரி கூடவே கூடாது. மைதானத்தில் உங்கள் பொருளைக் கண்டெடுத்தவருக்கு, நீங்கள் அந்த நேரத்தில் வீட்டில் இல்லை என்பது தெரியும். சாவிக்கொத்துக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். ஒட்டும் இடம் கிரிப்பின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே. கிரிப்பை ஒட்டியே வைத்தால், கிரிப் மாற்றும்போது ஊற்றும் கரைப்பான் மையை அழித்துவிடும். மிகக் கீழே வைத்தால் பையின் தடுப்புகளில் தினமும் உரசித் தேயும். ஒட்டுமுன் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். சன்ஸ்கிரீன் பூசிய கையின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரே வாரத்தில் ஓரம் கிளம்பும். பேனாவால் எழுதியதானால் மேலே ஒரு சுற்று ஒளிபுகும் டேப் வேண்டும். வெயிலில் மை வெளுக்கும் என்பதால் வருடத்துக்கொரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

எழுத்து அடிப்பது தேயாது. ஆனால் போன் எண் முழுவதற்கும் இடமிருக்காது. இரண்டு, மூன்று முதலெழுத்துகள்தான் வரும். அதைவைத்து யாரும் உங்களை அழைக்க முடியாது. “இது என்னுடையதுதான்” என்று மேசையில் நிரூபிக்க உதவும், அவ்வளவே. கிராஃபைட் ஷாஃப்ட்டில் எதையும் கீறாதீர்கள். இழை அறுந்தால் அடிக்கும்போது அங்கேதான் உடையும். நிரூபிக்க இன்னொரு வழி, பல மட்டைகளின் கழுத்தில் பொடியாகப் பொறித்திருக்கும் தயாரிப்பு எண்ணைப் படம் எடுத்து வைப்பது.

க்யூ.ஆர். ஸ்டிக்கர் ரேஞ்ச்ஃபைண்டர் போன்ற தட்டையான பொருளுக்குச் சரி. ஷாஃப்ட்டில் சுற்றினால் கட்டத்தின் பாதி மறுபக்கம் போய்விடும், கேமரா படிக்காது. அதோடு, கட்டத்துக்குப் பின்னால் இருக்கும் சேவை மூடப்பட்டால் ஸ்டிக்கர் வெறும் கோலம்தான்.

டிராக்கரைப் பற்றி எதிர்பார்ப்பு அதிகம். ஆப்பிளின் ஏர்டேக் 2021-இல் வந்தது. விட்டம் 32 மில்லிமீட்டர், தடிமன் 8, உள்ளே சி.ஆர். 2032 பேட்டரி, ஏறத்தாழ ஒரு வருடம் ஓடும். மட்டையில் இதை வைக்க இடமில்லை. பைக்கும் சாவிக்கும் அருமையாகப் பொருந்தும். தானாக அது இருப்பிடத்தைச் சொல்வதில்லை. அருகில் போகும் ஐபோன் அதன் சிக்னலைப் பிடித்து அனுப்பினால்தான் வரைபடத்தில் புள்ளி நகரும். அகன்ற மைதானத்தில் மதியம் மூன்று மணிக்கு, உங்களுக்குப் பின்னால் வரும் குழு கடந்துபோனால் புள்ளி புதுப்பிக்கப்படும். இரவில் பங்கரில் கிடந்தால் பழைய புள்ளிதான் நிற்கும். உங்களுடையது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதற்கான டேக்கை வாங்க வேண்டும். பேட்டரி மாற்றும்போது, குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் சில டேக்கில் வேலை செய்யாமல் போகலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டருக்கு டிராக்கர் வாங்குகிறவர்கள் ஒரு பொறியில் விழுகிறார்கள். டேக்கை உறையில் வைக்கிறார்கள். கருவி கம்பத்திலிருந்து விழுகிறது. உறை பத்திரமாகக் கார்ட்டிலேயே இருக்கிறது, டேக்கும் “நான் இங்கேதான் இருக்கிறேன்” என்கிறது. கருவியின் உடலில் பெயர், எண் உள்ள லேபிளை ஒட்டுங்கள். டேக் பையில் இருக்கட்டும்.

கிரிப்பின் முனையில் திருகும் ஷாட் சென்சார்கள் தொலைந்ததைத் தேட உருவானவை அல்ல. ஆனால் அந்த மட்டையால் கடைசியாக அடித்த ஷாட் வரைபடத்தில் எங்கே என்று காட்டும். ஷாப்பில் முதலில் கேட்கும் “எந்த ஹோல்?” என்ற கேள்விக்கு அதைவிடத் துல்லியமான பதில் இல்லை. தொலைந்ததைத் தேடுவதற்காகவே இதை வாங்குவது வீண். ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள்.

மேசையில்: கூடையா, பதிவேடா

மைதானம் நடத்துகிறவர்களுக்கு மலிவான வழி, கவுண்டர் ஓரத்தில் ஒரு கூடை. தலையுறைக்கும் கையுறைக்கும் அது போதும். வெட்ஜைக் கூடையில் போட்டால், அதே பிராண்டு வைத்திருக்கும் யாரும் “ஆ, என்னுடையது” என்று நல்லெண்ணத்தோடே எடுத்துப்போகலாம்.

பதிவேட்டு முறை: ஒவ்வொரு பொருளிலும் கயிறு கட்டிய அட்டை, அதில் தேதி, நேரம், ஹோல் எண், கொடுத்தவர் பெயர். நேரமும் ஹோல் எண்ணும் இருந்தால், கேட்டு வருபவரின் டீ நேரத்தோடு பொருந்துகிறதா என்று அரை நிமிடத்தில் சரிபார்க்கலாம். போன், மோதிரம், கடிகாரம் பூட்டிய இழுப்பறையில். கிடைத்த போனைத் திறக்க முயலாமல் சார்ஜில் போட்டு வைத்தால் போதும், உரியவரே அழைப்பார். எத்தனை நாள் வைத்திருப்போம் என்பதை எழுதி ஒட்டிவிடுவது பின்னாளில் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது வேகமானது. ஆனால் படத்தில் எல்லாம் தெரிந்துவிட்டால் அடையாளம் கேட்க எதுவும் மிஞ்சாது. வெட்ஜின் தலையை மட்டும் போடுங்கள். கிரிப்பின் நிறத்தையும் லேபிளையும் விட்டுவிடுங்கள். வருகிறவர் அதைச் சொல்லட்டும்.

வெளியூர்க்காரருக்குக் கூரியரில் அனுப்ப நேர்ந்தால், டிரைவர் பெரும்பாலும் 45, 46 அங்குலம், ஏறக்குறைய 115 சென்டிமீட்டர். தலை கழலும் மாடலானால் அதற்குரிய திருகியால் பிரித்து, தலையைத் தனியாகச் சுற்றினால் ஷாஃப்ட் ஒரு குழாயில் அடங்கும். ரேஞ்ச்ஃபைண்டருக்குள் பேட்டரி இருந்தால் அனுப்பும்போதே சொல்லிவிட வேண்டும்.

கண்டெடுத்தவர் நீங்கள் என்றால்

எடுக்காமல் விட்டுச்செல்வது மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் உரியவர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். நீங்கள் விட்டால் பொருள் அவரிடமிருந்து இன்னும் ஒரு குழு பின்தங்கும். எடுங்கள். உங்கள் பையில் 14 இருக்கிறதே என்ற கவலை வேண்டாம்: வேறொருவர் விட்டுப்போன மட்டையைக் கண்டெடுத்தால் அது உங்கள் 14-இல் சேராது என்று விதி 4.1 சொல்கிறது. அதால் அடிக்கக் கூடாது, அவ்வளவே. வெட்ஜைத் தலைகீழாக, கிரிப் மேலே தெரியும்படி சொருகுங்கள். மற்ற மட்டைகளின் தலைகளுக்கு நடுவே ஒரு கிரிப் நீட்டிக்கொண்டிருந்தால் மறந்து வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. மார்ஷல் எதிரே வந்தால் அவரிடம் கொடுத்து ஹோல் எண்ணைச் சொல்லுங்கள். அவர் வண்டியில் முன்னால் போவார். உங்களைவிட வேகமாக உரியவரை எட்டுவார்.

பந்துகளின் கதை தனி. பக்கத்து ஹோலின் ஃபேர்வேயிலோ ரஃப்பிலோ (உயரமாக விட்ட புல்) கிடக்கும் பந்து பெரும்பாலும் தொலைந்ததே இல்லை. யாரோ அதை நோக்கி நடந்துவந்துகொண்டிருக்கிறார். தேட அவருக்கு மூன்று நிமிடம்தான், 2019-க்கு முன் ஐந்து இருந்தது. அந்த நேரத்தில் நீங்கள் எடுத்துப் பாக்கெட்டில் போட்டால் அவர் ஆட்டம் கெடும். சுற்றிலும் ஆளில்லை, பாசி பிடித்திருக்கிறது என்றால் எடுத்துக்கொள்ளலாம்; இதை யாரும் ஷாப்பில் ஒப்படைப்பதில்லை.

குளத்துப் பந்து வேறு. விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாது. அந்த எல்லைகளை ஒட்டிய பந்து நல்ல தண்ணீரில் மூழ்கிவிடும். பல மைதானங்களில் அடியில் சேர்வதை எடுக்க முக்குளிப்பவர்களுக்கு ஒப்பந்தம் இருக்கும். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குளத்தின் சரிவில் பாசி படிந்திருந்தால் இறங்கியவர் ஏற முடியாது. ஒரு பந்துக்காக ஒற்றைக் காலைக்கூட வைக்காதீர்கள். கரையில் நின்றபடி நீட்டிக்குறுக்கும் கம்பியால் எட்டினால் எட்டட்டும். குளத்தோரம் அடிக்கடி மறந்துபோகும் பொருட்களில் அந்தக் கம்பியும் ஒன்று. அதிலும் ஒரு லேபிள் இருக்கட்டும்.